நாலு வயிறு

சாலைக் கடைத்தெருவில் வைக்கோல் வண்டி வந்து நின்றால், வண்டிக்காரன் மாட்டை அவிழ்ப்பதற்குள் தாணுலிங்கம் பிள்ளை அதன் இடது பக்கம் போய் நின்றுவிடுகிறார். விலா முடிந்து இடுப்பெலும்பு தொடங்குவதற்கு முன் மாட்டுக்கு ஒரு குழி உண்டு. அதில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்துகிறார். பிறகு தலைத்துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து, காதை அந்தக் குழியில் ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். நாஞ்சில்நாட்டிலிருந்து வழக்கமாக வருகிற வண்டிக்காரர்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். புதியவன் யாராவது, "அண்ணாச்சி, மாடு என்ன ரகசியம் சொல்லுகு?" என்று கேட்டால், சும்மா இரு என்று ஒரு கையைத் தூக்கிக் காட்டுவார். கேட்டு முடித்த பிறகுதான் பதில் வரும். "செக்கு ஓடுகு. தண்ணி காட்டு."

செக்கு என்று அவர் சொல்வது மாட்டின் பெரிய வயிறு உள்ளே சுழல்கிற ஓட்டத்தை. மரப்பாலத்தில் எங்கோ வண்டி போகிறாற்போல உள்ளே ஒரு குமுறல் எழுந்து அடங்கும். சற்று விட்டு மறுபடியும் எழும். அது கேட்கிற வரைக்கும் மாட்டுக்கு ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. கேட்ட திருப்தியில் வைக்கோல் கட்டைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு கிடங்குக்குள் போவார். சுமைகூலிதான் இப்போது பிழைப்பு. ஐம்பதைத் தாண்டிய ஆள். கட்டுக்கு அடியில் கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். மாடு இல்லாத மாட்டுக்காரர் என்று கடைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள். முகத்துக்கு நேரே சொல்ல இன்னும் ஒருவருக்கும் மனசு வரவில்லை.

போன கர்க்கடகம், அதாவது ஆடி மாதம் வரைக்கும் அவருக்கு மாடு இருந்தது. சுட்டி என்று பெயர். சிவப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கரமனை ஆற்றங்கரையில் ஓலைக் கூரை போட்ட வீடு. கூரையின் பாதி மனிதர்களுக்கு, பாதி சுட்டிக்கு. விடிந்ததும் அவளை ஓட்டிக்கொண்டு அக்கிரகாரத்துக்குப் போய், வீட்டுக்கு வீடு வாசலிலேயே நிறுத்திக் கறந்து கொடுப்பார். "நாலு வயிறுள்ள லெட்சுமியாக்கும் வந்திருக்கா" என்று அவர் குரல் தெரு முனையிலேயே கேட்டுவிடும். அதைக் கேட்டுத்தான் அந்தத் தெருவில் பல பேர் பாத்திரம் கழுவுவார்கள். ஒரு வீட்டில் சின்னக் குழந்தை அம்மா என்று சொல்லுமுன் நாலு வயிறு என்று சொன்னதாகக்கூட ஒரு கதை உண்டு.

கறக்கும்போது வாய் சும்மா இருக்காது. "ஒண்ணு அண்டா. அடுத்தது தேனடை. பொறவு ஒண்ணு ஓலைச்சுவடி, ஏடு ஏடா இருக்கும். கடைசீல உள்ளதுதான் உங்களுக்கும் எனக்கும் உள்ள வயிறு. அண்டாவுல புல்லு கெடந்து புளிக்கணும், தோசை மாவு மாதிரி. புளிச்சது மேல வரும், இருந்து சவைக்கும், திரும்ப எறங்கும். மாடு இன்னைக்கு விழுங்கி நாளைக்குத் திங்குத சாதி, பாத்துக்கிடுங்கோ." நின்று கேட்டால் பால் திரிந்துபோகும். ஆனாலும் கேட்பார்கள்.

குதிரையை அவருக்குப் பிடிக்காது. தம்பானூர் ரயிலடியில் ஜட்கா வண்டிகள் நிற்கிற இடத்தில் குருவிகள் குதிரை லத்தியைக் கிளறி முழுக் கொள்ளைப் பொறுக்குவதைக் காட்டி, "பாத்தியா, தின்ன கொள்ளு தின்ன மாதிரியே வெளிய வந்திருக்கு. அடுப்பைக் குடலுக்க கடைசீல கொண்டு வச்சா இப்படித்தான்" என்பார். கோழிக்குப் பல் இல்லாததால் மணலைத் தின்று இரைப்பையில் அம்மி வைத்துக்கொள்கிறது. ஆடு தின்ற தழையிலிருந்து கடைசிச் சொட்டு ஈரத்தையும் பிழிந்துவிட்டுத்தான் புழுக்கையை விடும். அதனால் ஆடு பஞ்சத்தைத் தாண்டும். பன்றிக்கு மனிதனைப் போல ஒற்றை வயிறு. நெல்லானாலும் மலமானாலும் அதற்கு ஒன்றுதான்.

மனிதர்களையும் அவர் இந்தக் கணக்கில்தான் அடைப்பார். காலையில் கேட்டதை மாலையில் அப்படியே வெளியே விடுகிற தாலுக்கா கச்சேரி குமஸ்தா ஒருவர் குதிரை. வாசலில் நின்று, பாலில் நுரை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கொத்திக் கொத்திக் கேட்கிற பாகீரதி அம்மாள் கோழி. எந்தத் தழை கிடைத்தாலும் குழம்பு வைத்து வீட்டை ஓட்டுகிற தம் மனைவி மங்கலம் ஆடு. "அப்ப நீர் என்ன?" என்று மங்கலம் ஒரு நாள் கேட்டாள். "நான் பன்னி. ஒத்த வயிறு. பசிச்சா பொறுக்காது" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்போது சிரிக்க முடிந்தது.

அவருக்கு ஒரு கைவைத்தியமும் உண்டு. மாடு அசை போடுவதை நிறுத்திவிட்டால் ஆளனுப்பி அவரைக் கூப்பிடுவார்கள். சுட்டி படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து, அவள் வாய்க்குள் கையை விட்டு, மென்றுகொண்டிருக்கிற பச்சை உருண்டையைப் பறித்துக்கொள்வார். சுட்டி ஒரு பெருமூச்சு விட்டு அடுத்த உருண்டையை எடுப்பாள். பறித்ததை வாழையிலையில் பொதிந்து ஓடிப்போய், நோயாளி மாட்டின் தொண்டையில் வைத்து விழுங்க வைப்பார். தோசை மாவுக்குப் பழைய மாவு கொஞ்சம் உறை விடுகிறாற்போலத்தான் இது. நின்றுபோன அண்டா அதில் மறுபடி புளிக்கத் தொடங்கும். அசை கடன் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். சுட்டி அப்படி அந்தத் தெருக்களில் பல மாடுகளுக்குக் கடன் கொடுத்தவள்.

பிறகு உலகச் சண்டை வந்தது. பர்மா அரிசி நின்றது. ரேஷன் கடையில் அளந்து போடுகிற அரிசி பிள்ளைகளின் கஞ்சிக்கே போதவில்லை. பெரியவர்கள் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றார்கள். சாலைக் கடைத்தெருவில் தவிடு வாங்க மாட்டுக்காரர்கள் நின்ற இடத்தில் மனிதர்கள் நின்றார்கள். "தவிட்டைத் தனக்குன்னு வாங்குகான், மாட்டுக்குன்னு பொய் சொல்லுகான்" என்று தாணுலிங்கம் வீட்டுக்கு வந்து சொன்னார். அன்றைக்கு அவர் கொண்டுவந்த தவிட்டில் பாதியை எடுத்து மங்கலம் பிள்ளைகளுக்குப் பிட்டு அவித்தாள். அதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பிண்ணாக்கு கண்ணால் காண்பதற்கு இல்லை. பருத்திக்கொட்டை ஆரல்வாய்மொழி எல்லையைத் தாண்டி வரவில்லை. தெருவில் ஒவ்வொரு மாடாகக் குறைந்தது. சிலவற்றைச் சந்தைக்கு ஓட்டிப்போனார்கள். சில, பட்டினியில் மரச்சீனித் தழையை மேய்ந்து நுரை தள்ளிச் செத்தன. கர்க்கடகம் பிறந்தபோது அந்தச் சுற்றுவட்டாரத்தில் மிஞ்சியது சுட்டி ஒருத்திதான். வாழைத்தண்டும் அவித்த மரச்சீனித் தோலும் தின்று, எலும்பு தெரிய நின்றாள். பால் குறைந்துபோனாலும் கறந்தது. அவள் நின்றால் வீடு நிற்கும். அவள் விழுந்தால் வீடு விழும். இதை யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கர்க்கடக வாவு என்கிற ஆடி அமாவாசை வந்தது. அன்றைக்கு ஆற்றங்கரை முழுவதும் பலி போடுகிறவர்கள். எள்ளும் சோறும் உருட்டி இலையில் வைத்துவிட்டு, ஈரக் கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிடுகிற சத்தம் மழையோடு கலந்து கேட்டுக்கொண்டே இருக்கும். காக்கை வந்து கொத்தினால் செத்தவர் வந்து உண்டதாகக் கணக்கு. அக்கிரகாரத்திலோ தர்ப்பணம் முடிந்ததும், வாசலில் பசுவுக்குச் சோற்றுருண்டை கொடுத்த பிறகுதான் வீட்டில் இலை போடுவார்கள். மாடு வாய் வைத்தால் பித்ரு வாய் வைத்தாற்போல. மாட்டை ஓட்டிவந்தவனுக்கும் ஓர் இலைப்பொதி சோறு உண்டு. மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டால் பொதி உள்ளே போய்விடும். வேறு மாட்டைத் தேட ஆள் போகும்.

முன்பெல்லாம் எத்தனையோ மாடுகள் வரும்; மாட்டுக்கு ஓர் உருண்டைதான் விழும். இந்தத் தடவை ஒரே மாடு. அரிசி இல்லாத வருஷம்தானே, உருண்டை சிறுத்துப்போகும் என்று நினைப்போம். அப்படி நடக்கவில்லை. கிடைக்காத அரிசிக்குத்தான் மதிப்பு அதிகம். வீட்டுக்கு வீடு ரேஷனில் பிடி பிடியாக ஒதுக்கி, தாங்கள் கிழங்கு தின்று, செத்தவர்களுக்கென்று சேர்த்து வைத்திருந்தார்கள்.

தாணுலிங்கத்துக்குத் தெரியாததா? வடித்த சோறு மாட்டுக்கு ஆகாது. புல் மெல்லப் புளிக்கும். சோறு கொதித்துப் புளிக்கும். அண்டா முழுக்கக் காடியாகி, செக்கு நின்றுபோகும். ஓணத்துக்கு மறுநாளும் பொங்கலுக்கு மறுநாளும் எத்தனை மாடுகளை இப்படிப் பார்த்திருக்கிறார். கிளம்பும்போது மங்கலத்திடம், "நாலஞ்சு வீட்டுக்கு மேல போகேலாது. ஒரு வீட்டுக்கு ஒரு வாய். மிச்சத்துக்கு நான் சமாதானம் சொல்லிக்கிடுகேன்" என்றார். "பிள்ளையளுக்கு ரெண்டு பொதி கிடைச்சா போரும்" என்றாள் அவள்.

முதல் வீட்டில் பொதி கைக்கு வந்தது. இலையைத் தொட்டால் சூடு. மல்லிப்பூப் போன்ற பச்சரிசிச் சோறு என்று மணத்திலேயே தெரிந்தது. அந்த மணம் அவர் வயிற்றை என்ன செய்தது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த வீட்டுக்கும் போனார். சுட்டிக்குப் பசி, மாடு மென்று பார்த்து விழுங்குகிற பிராணி அல்லவே, முதலில் விழுங்கும், பிறகுதான் மெல்லும். உருண்டை உருண்டையாக உள்ளே போயிற்று. தோள் துண்டில் பொதிகளும் ஏறிக்கொண்டே போயின. எந்த வீட்டோடு நிறுத்துவதாக நினைத்தாரோ, அந்த வீடு எப்போதோ தாண்டிப்போய்விட்டது.

பாகீரதி அம்மாள் வீட்டு வாசலில் அவருக்கே பயம் வந்தது. சுட்டியின் இடது குழி நிரம்பி மேடாகியிருந்தது. அந்த அம்மாளின் புருஷன் போன வருஷம்தான் இறந்திருந்தார். பெரிய உருளி நிறைய அரிசிப் பாயசத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, ஒரு கையில் சோற்றுருண்டைத் தட்டோடு ஈரப்புடவையில் நின்றாள்.

"அம்மா, போதும். இதுக்க வயிறு சோத்துக்கு உள்ளதில்லை" என்றார்.

"என்ன தாணு, இத்தனை ஆத்துல வாங்கிண்டு வந்துட்டு எங்காத்து வாசல்ல போதும்னா எப்படி? அவருக்கு அரிசிப் பாயசம்னா உயிர், கேட்டயா. சீக்கா கிடக்கச்சே கேட்டார். டாக்டர் வேண்டாம்னார், நான் கொடுக்கலை." தட்டைச் சுட்டியின் பக்கம் நீட்டினாள். பிறகு சொன்னாள்: "நாலு வயிறு, நாலு வயிறுன்னு நீதானே தெருவெல்லாம் சொல்லிண்டு வருவே? நாலு வயிறு உள்ளதுக்கு எங்காத்துப் பிடிதானா பாரமாப் போச்சு?"

அதில் கேலி இல்லை. தெருவே அப்படித்தான் நினைத்திருந்தது. நாலு வயிறு என்றால் நாலு பங்கு கொள்ளும் என்று. இத்தனை வருஷமாக வாசலுக்கு வாசல் சொன்ன வாய்க்கு, அது அப்படியில்லை அம்மா, நாலும் சேர்ந்து ஒரே வயிறுதான், முதல் அண்டா கெட்டால் மற்ற மூன்றும் சும்மா தொங்கும் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அவளுடைய இன்னொரு கையில் பொதி இருந்தது. மற்ற வீடுகளில் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு. தாணுலிங்கம் அதைப் பார்த்தார். மூக்கணாங்கயிற்றைத் தளர்த்தினார். சுட்டி உருளிக்குள் முகத்தை விட்டாள்.

"ஏத்துண்டுட்டார்" என்று பாகீரதி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் அன்று பிள்ளைகள் தின்றதைப் பார்க்க வேண்டும். பேச்சே இல்லை. இலையில் ஒட்டிய பருக்கையை விரலால் தொட்டுத் தொட்டு எடுத்தார்கள். மங்கலம் தன் பங்கில் பாதியை அவருக்குத் தள்ளினாள், அவரும் தின்றார். வயிறு நிறையத் தின்றார். கை கழுவிவிட்டுக் கூரையின் மறுபாதிக்குப் போனார். வழக்கமாக அந்நேரம் சுட்டி படுத்துத் தாடையை ஆட்டிக்கொண்டிருப்பாள். அன்றைக்கு நின்றுகொண்டிருந்தாள். தாடை அசையவில்லை. குழியில் காதை வைத்தார். குமுறல் இல்லை. குடத்தில் பாதித் தண்ணீரை ஆட்டினாற்போல ஒரு தளும்பல் மட்டும் கேட்டது.

"மங்கலம், செக்கு நின்னு போச்சு" என்றார்.

சுக்கும் காயமும் பூண்டும் அரைத்து நல்லெண்ணெயில் கலக்கி மூங்கில் குழாயால் புகட்டினார். வாய் அசையட்டும் என்று வேப்பங்குச்சியைக் கடிவாளம்போலக் குறுக்கே கட்டினார். இடது விலாவை முஷ்டியால் பிசைந்தார். விடிந்தபோது சாணம் நீர்த்துப் போய், வெளுப்பாக, புளித்த கஞ்சி நாற்றத்தோடு வந்தது. சுட்டி பல்லை நறநறவென்று கடித்தாள். இனி ஒரே வழிதான். மழையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார், அசை கடன் கேட்க. தொழுவம் தொழுவமாகப் பார்த்தார். எல்லாத் தொழுவமும் காலி. ஒன்றில் விறகு அடுக்கியிருந்தது. ஒன்றில் கட்டுத்தறி மட்டும் நின்றது. சுட்டியிடம் கடன் வாங்கிய மாடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கையில் வாழையிலையோடு வெறுமனே திரும்பி வந்தார்.

அவர் வரும்போது சுட்டி படுத்திருந்தாள், தலையை மடக்கி இடது விலாவின்மேல் வைத்துக்கொண்டு. இத்தனை நாள் அவர் காது வைத்த இடத்தில் அவளே காது வைத்தாற்போல. கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள். தாணுலிங்கம் அழுதார். மங்கலம் அழவில்லை, பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

செய்தி கேட்டுப் பாகீரதி அம்மாள் குடையோடு வந்து எட்ட நின்றாள். "வாவன்னிக்கு அன்னம் வாங்கிண்டு மறுநாள் போயிருக்கு. நேரே வைகுண்டம்தான் தாணு, சந்தேகமே வேண்டாம்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

தோல் எடுக்கிறவர்கள் வந்து ஆற்றோரம் இழுத்துப்போட்டு அறுத்தார்கள். அண்டா திறந்தபோது தெருக்காரர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். உள்ளே சோறு. உருண்டை சிலது கலையாமல், எள் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. ஊரில் ஒருவனும் கண்ணால் காணாத அவ்வளவு பச்சரிசிச் சோறும் மணலில் சரிந்து புளிப்பு நாறியது. நின்றவர்களில் ஒருவன் எச்சிலை விழுங்கினான். அது அருவருப்பா பசியா என்று அவனுக்கே தெரிந்திராது.

"இவ்வளவு சோறா" என்றாள் மங்கலம். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

தோல்காரர்கள் போன பிறகு மற்றவர்களும் போனார்கள். தென்னை மட்டைகளில் காக்கைகள் வந்து உட்கார்ந்திருந்தன. நேற்றே கரை நெடுக வயிறு நிறையத் தின்றவை. இந்த நாற்றத்துக்கு ஒன்றும் இறங்கவில்லை. தாணுலிங்கம் ஆற்றில் இறங்கி முழங்கை வரைக்கும் நனைத்துக்கொண்டு மேலே வந்தார். கையைத் துடைக்கவில்லை. சோற்றுக்கு முன்னால் தெற்குப் பார்த்துக் குத்த வைத்து உட்கார்ந்து, மரத்தை அண்ணாந்து பார்த்து, ஈரக் கை இரண்டையும் சேர்த்துத் தட்டத் தொடங்கினார்.